யாருடைய இடத்தில் நிறுவுகிறோம்? லினக்ஸின் அனுமதிப் பிழைகள் குறித்து

லினக்ஸில் புதிதாக ஒரு மென்பொருளைச் சேர்க்க முயல்பவர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் செய்தி 'பெர்மிஷன் டினைட்'. அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். அடுத்து நடப்பதும் பெரும்பாலும் ஒன்றேதான். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். "முன்னாடி சூடோ போட்டுப் பாரு" என்று பதில் வரும். போட்டதும் கட்டளை ஓடிவிடும். ஓடாவிட்டால் அடுத்த யோசனை, எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 'சிமோட் 777'. கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு அலுவலகங்களிலும் இந்த இரண்டும் வாய்வழியாகவே பரவி, பாடத்தின் பகுதியாகவே ஆகிவிட்டன.

இந்த இரண்டு யோசனைகளும் சில இடங்களில் சரி, பல இடங்களில் தவறு. அனுமதிப் பிழை என்று ஒரே பெயரில் நாம் சொல்லிக்கொள்பவை உண்மையில் பல வேறு கோளாறுகள். காரணம் வேறு, மருந்து வேறு. அவற்றையெல்லாம் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பெரும்பாலானவற்றுக்குத் தீர்வு அதிகாரத்தைக் கூட்டிக்கொள்வதில் இல்லை, நிறுவும் இடத்தை மாற்றிக்கொள்வதில் இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை வளர்த்த 1970களின் தொடக்கத்தில், ஒரே இயந்திரத்தில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. உரிமையாளர், குழு, மற்றவர் என்னும் மூன்று தரப்பும் அதைப் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்ற குறிப்பும் உண்டு. மூன்று தரப்பு, மூன்று உரிமை, மொத்தம் ஒன்பது பிட்டுகள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டினால் 755 போன்ற எண்கள் கிடைக்கும்: உரிமையாளருக்கு எல்லாம், மற்ற இரு தரப்புக்கும் படிக்கவும் இயக்கவும் மட்டும். லினக்ஸின் அடித்தளம் இன்றும் இதுதான்.

இதில் பலரும் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. புதிய கோப்பை உருவாக்குவதற்கும் இருக்கும் கோப்பை அழிப்பதற்கும் வேண்டியது கோப்புறையின் மீதான எழுதும் உரிமை. கோப்பின் மீதான உரிமை அங்கே கணக்கில் வராது. மென்பொருளை நிறுவுவது என்றால் புதிய கோப்புகளைக் கோப்புறைகளில் கொண்டுபோய் வைப்பதுதானே. ஆகவே நிறுவும்போது வரும் மறுப்பு ஏறத்தாழ எப்போதும் ஏதோ ஒரு கோப்புறையைப் பற்றியது. எந்தக் கோப்புறை என்பதைச் செய்தியே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

சாதாரணப் பயனருக்கும் சில நேரம் நிர்வாகியின் பலம் தேவை. தன் கடவுச்சொல்லை மாற்றுவதற்கே தேவை. அதற்கு ரிட்சி கண்ட வழி, ஒரு நிரலை யார் இயக்கினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும்படி செய்யும் தனி பிட். 'செட்-யூஐடி' என்பது அதன் பெயர். 1973இல் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டு 1979இல் கிடைத்தது. பிறகு பொதுப் பயன்பாட்டுக்கே விட்டுவிட்டார்கள். ஒரு கட்டளையை நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓட்டும் சூடோ நிற்பது இந்த பிட்டின் மேல்தான். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் 1980 வாக்கில் பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் அதை எழுதினார்கள். பல காலம் அது சர்வர் நிர்வாகிகளின் கருவியாகவே இருந்தது. 2004 அக்டோபரில் வந்த உபுண்டுவின் முதல் பதிப்பு, நிர்வாகியின் 'ரூட்' கணக்கைப் பூட்டிவைத்து, முதல் பயனரிடம் சூடோவைக் கொடுத்தது. நல்ல முடிவு. ஆனால் ஒரு விளைவும் கூடவே வந்தது: வீட்டுக் கணினிப் பயனர்கள் எதற்கும் யோசிக்காமல் சூடோ அடிக்கப் பழகிவிட்டார்கள்.

எது எங்கே

லினக்ஸின் கோப்புறை அமைப்பில் இடங்கள் பங்கிடப்பட்டிருக்கின்றன. 'யூஎஸ்ஆர்' கோப்புறை விநியோகத்துக்கு உரியது. டெபியனோ ஃபெடோராவோ தன் தொகுப்பு மேலாளர் வழியாக மட்டுமே அதில் எழுதும். அதற்குள் இருக்கும் 'லோக்கல்' அந்தக் கணினியின் நிர்வாகிக்கு. 'ஓபிடி' வெளியார் தரும் பெரிய மென்பொருள்களுக்கு. பயனரின் ஹோம் கோப்புறை முழுக்க முழுக்கப் பயனருக்கு. அதற்குள் மறைந்திருக்கும் 'புள்ளி-லோக்கல்' அவர் தனக்கென்று நிறுவிக்கொள்பவற்றுக்கு. கோப்புறை ஒழுங்கு ஆவணத்தின் 3.0 பதிப்பு 2015இல் வந்தது. முதல் மூன்று இடங்களின் பங்கீடு அதற்கும் பல ஆண்டுகள் முந்தையது.

இந்தப் பங்கீடு மனத்தில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவுவதையே எடுத்துக்கொள்வோம். இறக்கிய கோப்பை 'யூஎஸ்ஆர்' அடியில் இருக்கும் 'ஷேர்/ஃபான்ட்ஸ்' கோப்புறைக்கு நகலெடுக்கச் சொல்லும் வழிகாட்டிகள் ஏராளம். கோப்பு மேலாளரில் ஒட்டப் போனால் மறுப்பு வரும். உடனே கோப்பு மேலாளரையே சூடோவோடு திறக்கச் சொல்வார்கள். தேவையே இல்லை. ஹோமில் 'புள்ளி-லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ்' என்று கோப்புறை உருவாக்கி, அதில் எழுத்துருவைப் போட்டு, 'எஃப்சி-கேஷ்' கட்டளையை ஒருமுறை ஓட்டினால் லிப்ரேஆபீஸிலிருந்து பிரவுசர் வரை எல்லாவற்றிலும் அது தெரியும். கடவுச்சொல் கேட்காது. கணினியை நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் மட்டுமே நால்வருக்கும் பொதுவான இடம் தேவைப்படும். அப்போது சூடோ நியாயமானது.

எண்ணைப் பாருங்கள்

பிழைச்செய்தியின் கடைசியில் பல நேரம் ஓர் எண் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. 13 என்றால் அணுக்க மறுப்பு, நாம் பேசிக்கொண்டிருக்கும் ஒன்பது பிட்டுகளின் வேலையாகப் பெரும்பாலும் இருக்கும். 1 என்றால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. அந்தச் செயலையே செய்ய உங்களுக்கு உரிமை இல்லை. பிறர் கோப்பின் உரிமையாளரை மாற்ற முயன்றால் இது வரும். மாற்றக் கூடாதது என்று ஒரு கோப்புக்கு முத்திரை இருந்தால் ரூட்டுக்கும் இதே பதில்தான். 'எல்எஸ்-ஆட்டர்' கட்டளை அந்த முத்திரையைக் காட்டும். 30 என்றால் அந்தக் கோப்பு முறைமையே படிக்க மட்டும் என்று ஏற்றப்பட்டிருக்கிறது. அங்கே சூடோ எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. நேற்றுவரை எழுத முடிந்த வட்டில் இன்று 30 வந்தால் உடனே கவனிக்க வேண்டும்: வட்டில் பிழை கண்டு கெர்னலே அதைப் பூட்டியிருக்க வாய்ப்புண்டு. மென்பொருள் நிறுவுவதை விட்டுவிட்டு, முக்கியக் கோப்புகளை நகலெடுத்துவிட்டு, 'டிமெஸ்ஜ்' வெளியீட்டைப் படிக்க வேண்டிய நேரம் அது.

உபுண்டுவிலும் டெபியனிலும் தொகுப்பு மேலாளரான ஏபிடி தரும் பூட்டுச் செய்திகள் இதற்கு நல்ல உதாரணம். சூடோ இல்லாமல் 'ஏபிடி இன்ஸ்டால்' அடித்தால், பூட்டுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றும், எண் 13 என்றும், நீங்கள் ரூட்டா என்றும் கேட்கும். இங்கே சூடோதான் சரியான பதில். 'யூஎஸ்ஆர்' ஏபிடியின் இடம், ஏபிடிக்கு நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். இன்னொரு செய்தியும் பூட்டைப் பற்றித்தான் பேசும். ஆனால் அதில் பூட்டு வேறொரு செயல்முறையின் கையில் இருக்கிறது என்று அதன் எண்ணோடு சொல்லப்பட்டிருக்கும். கணினியை இயக்கிய சில நிமிடங்களில் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் பிடித்துவைத்திருக்கிறது. இது அனுமதிப் பிழையே இல்லை, காத்திருந்தால் போதும். பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் ஆலோசனை ஆபத்தானது: இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் தொகுப்புப் பதிவேட்டில் எழுத, பதிவேடு சிதையும். நடுவில் மின்சாரம் போய் நிறுவல் அரைகுறையாக நின்றிருந்தால் 'டிபிகேஜி' கட்டளையை 'கன்ஃபிகர்' விருப்பத்தோடு ஓட்டி முடிக்கலாம்.

பயமுறுத்தினாலும் பிழையில்லாத ஒரு செய்தியும் உண்டு. இறக்கிவைத்த டெப் கோப்பை ஏபிடியால் நிறுவும்போது, நிறுவல் முடிந்த பிறகு, பாதுகாப்பு வேலி இல்லாமல் ரூட்டாகவே கோப்பு எடுக்கப்பட்டது என்றும், 'அண்டர்ஸ்கோர் ஏபிடி' என்ற பயனரால் அதை அணுக முடியவில்லை என்றும் எண் 13ஓடு ஒரு வரி வரும். ஏபிடி தன் பதிவிறக்க வேலையை அதிகாரம் குறைந்த அந்தத் தனிப் பயனரிடம் ஒப்படைக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகள் 750 என்று அமைகின்றன. வெளியார் உள்ளே நுழைய முடியாது. அந்தத் தனிப் பயனரும் வெளியார்தான். அவ்வளவுதான் விஷயம். மென்பொருள் சரியாகவே நிறுவப்பட்டிருக்கும். இந்த வரியைப் பார்த்து ஹோமுக்கே 777 கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பைதான், நோட்

மிகுதியான தொல்லை வருவது மொழிகளின் தொகுப்புக் கருவிகளிடமிருந்து. விநியோகத்துக்கு ஒரு தொகுப்பு மேலாளர் இருக்கிறார். பைதானின் பிப், நோடின் என்பிஎம் என்று வேறு மேலாளர்களும் அதே கணினியில் எழுத வருகிறார்கள். ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாது.

2023க்கு முந்தைய டெபியன் வகைப் பதிப்புகளில், பிப் 'எர்ரர் 13' என்று நின்றவுடன் 'சூடோ பிப் இன்ஸ்டால்' அடித்தால் என்ன நடக்கும்? லைப்ரரி 'யூஎஸ்ஆர்/லோக்கல்' அடியில் போய் உட்காரும். பைதான் லைப்ரரிகளைத் தேடும் வரிசையில் அந்த இடம் முன்னால் வருகிறது. விநியோகம் சோதித்து வைத்த பதிப்பு பின்னால் தள்ளப்படுகிறது. உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல பைதானில் எழுதப்பட்டவை. அவை நேற்றுவரை ஒரு பதிப்பைப் பயன்படுத்தின, இன்று வேறொன்றைப் பயன்படுத்துகின்றன. மூன்று வாரம் கழித்து மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்கும் கருவி உடைந்து நிற்கும்போது, அன்று அடித்த சூடோ யாருக்கும் நினைவிருக்காது.

பைதான் சமூகம் இதைப் படிப்படியாகச் சரிசெய்தது. 2012இல் வந்த பைதான் 3.3, மெய்நிகர் சூழலை மொழியோடு சேர்த்தே தந்தது. 2020 ஜனவரியில் வந்த பிப் 20.0, பொது இடத்தில் எழுத முடியாவிட்டால் தானாகவே பயனரின் ஹோமில் நிறுவத் தொடங்கியது. அதுவும் போதவில்லை; ஹோமில் நிறுவியதும் அந்தப் பயனர் இயக்கும் அமைப்புக் கருவிகளைக் குழப்பவே செய்யும். கடைசியில் 668ஆம் எண் முன்மொழிவு வந்தது. அதன்படி விநியோகம் தன் பைதானின் மேல் 'இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்று அடையாளம் வைக்கலாம். பிப் அதைக் கண்டால் நிறுவ மறுக்கும். உபுண்டு 23.04உம், 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12உம் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அன்று முதல் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்ற செய்தியைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். இதுவும் அனுமதி மறுப்புதான். ஆனால் பிட்டுகள் மறுக்கவில்லை, கருவியே மறுக்கிறது; அதனால் சூடோ போட்டாலும் மசியாது.

அந்தச் செய்தியின் அடியிலேயே வழியும் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த லைப்ரரி ஏபிடியில் இருந்தால் அங்கிருந்து எடுப்பது முதல் வழி. திட்டப்பணிக்கென்றால் அதன் கோப்புறைக்குள் ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கி அதற்குள் பிப்பை ஓட்டலாம். உபுண்டுவில் 'பைதான்3-வென்வ்' தொகுப்பு அதற்கு முன்பே இருக்க வேண்டும். டெர்மினலில் பயன்படுத்தும் தனிக் கருவியென்றால் 'பிப்எக்ஸ்' ஒவ்வொன்றுக்கும் தனிச் சூழல் கட்டித் தரும். அமைப்புத் தொகுப்புகளை உடைத்தாலும் பரவாயில்லை என்று பெயரிலேயே சொல்லும் விருப்பமும் பிப்பில் இருக்கிறது. அதைப் பார்த்தபடியே அடிக்கச் சொல்லும் வழிகாட்டிகள் பெருகிவிட்டன. தூக்கியெறியப் போகும் கன்டெய்னருக்குள் அது சரி. தினமும் வேலை செய்யும் மடிக்கணினியில் அதைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல் என்றே சொல்வேன்.

என்பிஎம் கதையும் இதே ஊரைச் சேர்ந்ததுதான். பொதுவாக நிறுவும் 'குளோபல்' விருப்பத்தோடு ஓட்டினால் 'யூஎஸ்ஆர்' அடியில் இருக்கும் 'நோட் மாட்யூல்ஸ்' கோப்புறையில் எழுத முயன்று 'ஈ-ஆக்ஸஸ்' என்று நிற்கும். சூடோவோடு ஓட்டினால் அந்தத் தொகுப்போடு வரும் நிறுவல் ஸ்கிரிப்டுகளும், அது சார்ந்திருக்கும் பத்து இருபது தொகுப்புகளும் ரூட் அதிகாரத்தோடு கணினிக்குள் வரும். அவற்றை எழுதியவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. கருவியே தவறு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 பிப்ரவரி சாட்சி. என்பிஎம் 5.7.0 பதிப்பைச் சூடோவோடு இயக்கியவர்களின் லினக்ஸில் 'எட்சி', 'யூஎஸ்ஆர்', 'பூட்' போன்ற அமைப்புக் கோப்புறைகளின் உரிமையாளரே மாறிப்போனார். 5.7.1 பதிப்பை அவசரமாக வெளியிட்டார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட கணினிகளில் பலவற்றை மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. என்பிஎம்மின் சொந்த ஆவணமே சொல்லும் வழி, நோடின் பதிப்பு மேலாளர் ஒன்றை ஹோமில் வைத்துக்கொண்டு அதன் மூலம் நோடை நிறுவுவது. முடியாவிட்டால் குளோபல் கோப்புறையை ஹோமுக்குள் மாற்றி அமைக்கலாம். ரஸ்ட் மொழி தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் ஹோமில் வைப்பதால் அங்கே இந்தப் பேச்சே எழுவதில்லை.

ஹோமில் நிறுவினால் அடுத்து ஒரு சின்ன இடறல் உண்டு: நிறுவியது ஓடாது, கட்டளை கிடைக்கவில்லை என்று வரும். டெபியனிலும் உபுண்டுவிலும் 'புள்ளி-லோக்கல்/பின்' கோப்புறை உள்நுழையும்போது இருந்தால்தான் தேடும் பாதையில் சேரும். முதல்முறை அது அப்போதுதான் உருவாகியிருக்கும். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் சரியாகிவிடும். இந்த இடத்தில் மனம் தளர்ந்து சூடோவுக்குத் திரும்புபவர்கள் அதிகம்.

மூல நிரலிலிருந்து கட்டுபவர்களுக்கும் இதே வழிதான். 'மேக் இன்ஸ்டால்' மறுக்கப்பட்டால், கட்டமைக்கும்போதே 'பிரிஃபிக்ஸ்' விருப்பத்தில் ஹோமில் ஓர் இடத்தைக் குறித்துவிடலாம். சூடோவோடு நிறுவுவதானாலும் கட்டும் வேலையைச் சாதாரணப் பயனராகவே செய்யுங்கள். கடைசிப் படிக்கு மட்டும் சூடோ போதும்.

பழைய சூடோவின் எச்சங்கள்

ஒருமுறை அடித்த சூடோ அடுத்த அனுமதிப் பிழைக்கு விதை போடுகிறது. ஹோமில் இருக்கும் என்பிஎம்மின் தற்காலிகச் சேமிப்பு போன்றவை ரூட்டின் பெயரில் எழுதப்பட்டுவிடக்கூடும். அடுத்த வாரம் சூடோ இல்லாமல் சரியாகவே செய்தாலும் சொந்த வீட்டிலேயே மறுப்பு வரும். பயனரோ, சூடோ கட்டாயம் என்று முடிவு கட்டுவார். இப்படித்தான் இந்தச் சுழல் நிலைக்கிறது. வரைகலை நிரலைச் சூடோவோடு திறந்து, உள்நுழைவுச் சான்று வைக்கும் 'எக்ஸ்-அத்தாரிட்டி' கோப்பு ரூட்டின் பெயருக்குப் போய்விட்டால், சரியான கடவுச்சொல் கொடுத்தும் உள்நுழைவுத் திரைக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கும் நிலையும் ஏற்படும்.

மருந்து எளிது. 'ஃபைண்ட்' கட்டளையிடம், என் ஹோமில் எனக்குச் சொந்தமில்லாத கோப்புகள் எவை என்று கேளுங்கள். வரும் பட்டியலைப் படித்துப் பார்த்து, அந்தக் கோப்புறைகளை 'சி-ஓன்' கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஹோமுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளச் சூடோவைப் பயன்படுத்துவது நியாயமான பயன்பாடு. அதே கட்டளையை 'யூஎஸ்ஆர்' மேல் ஓட்டிவிடக் கூடாது.

ஓட்டினால்? 777ஐ அமைப்பு முழுவதும் பாய்ச்சுபவர்களுக்கும் இதே முடிவுதான். உரிமையாளரை மாற்றும்போதே செட்-யூஐடி பிட் போய்விடுகிறது. சூடோ, தான் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லி இயங்க மறுக்கிறது. சூடோவின் விதிக் கோப்பை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தாலும் மறுக்கிறது. எஸ்எஸ்ஹெச், உங்கள் ரகசியச் சாவிக் கோப்பின் அனுமதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது என்று அதை ஏற்க மறுக்கிறது. அனுமதியைக் கூட்டியதால் அனுமதிப் பிழை பெருகுகிறது. ஆர்பிஎம் வகை விநியோகங்களில் ஒவ்வொரு தொகுப்பின் பழைய அனுமதிகளையும் மீட்க விருப்பம் இருக்கிறது. டெபியன் வகையில் அதற்கு இணையான நேரடி வழி இல்லை. ஹோமை நகலெடுத்துவிட்டு மறுபடி நிறுவுவதே பெரும்பாலும் குறைந்த நேரம் பிடிக்கும்.

777 மிகுதியாகப் புழங்கும் இடம், மாணவர்கள் பிஹெச்பி கற்க நிறுவும் எக்ஸாம்ப். அதன் 'ஹெச்டி-டாக்ஸ்' கோப்புறை 'ஓபிடி' அடியில் ரூட்டின் பெயரில் இருக்கிறது. கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்றதும் முழுக் கோப்புறைக்கும் 777. செய்ய வேண்டியது இவ்வளவே: உள்ளே திட்டப்பணிக்கென ஒரு கோப்புறையைச் சூடோவோடு உருவாக்கி, அதை மட்டும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அப்பாச்சியால் உங்கள் கோப்புகளைப் படிக்க முடிந்தால் போதும். வழக்கமான 644 அதைத் தருகிறது. படங்கள் பதிவேறும் கோப்புறை ஒன்றுக்கு மட்டும் அப்பாச்சியின் குழுவுக்கு எழுதும் உரிமை கொடுங்கள். கோப்பின் அனுமதி சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், வேரிலிருந்து அந்தக் கோப்பு வரை வழியில் ஏதோ ஒரு கோப்புறை நுழைய விடாமல் தடுக்கிறது. 'நேம்-ஐ' கட்டளை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டிவிடும். இவ்வளவு பயனுள்ள கட்டளையைப் பாடங்களில் அரிதாகவே காண்கிறேன்.

பிட்டுகளுக்கு அப்பால்

இறக்கிய நிறுவல் ஸ்கிரிப்ட் இயங்க மறுப்பது வேறு வகை. இணையத்திலிருந்து வரும் கோப்புக்கு இயக்கும் பிட் இருக்காது. அதைக் கொடுத்தால் ஓடும். கொடுத்தும் ஓடவில்லையென்றால் அது எந்த வட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பென்டிரைவின் ஃபேட், எக்ஸ்-ஃபேட் முறைமைகள் லினக்ஸ் அனுமதிகளைச் சேமிப்பதே இல்லை; சிமோட் எத்தனை முறை அடித்தாலும் ஒட்டாது. ஹோமுக்கு நகலெடுத்தால் தீர்ந்தது. சில சர்வர்களில் 'டெம்ப்' கோப்புறை எதையும் இயக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஏற்றப்பட்டிருக்கும். அங்கே அவிழ்த்து ஓடும் நிறுவிகள் மர்மமாகத் தோற்கும்.

பிட்டுகள் எல்லாம் சரி, ரூட்டாகவே ஓடும் சேவைக்கும் மறுப்பு என்றால் ஃபெடோரா, ரெட் ஹேட் வகைகளில் செ-லினக்ஸைச் சந்தேகியுங்கள். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட, 2003இல் கெர்னலின் 2.6 பதிப்போடு சேர்ந்தது அது. ஒவ்வொரு கோப்புக்கும் தனி அடையாளச் சீட்டு உண்டு. ஹோமில் கட்டிய நிரலை 'எம்வி' கட்டளையால் 'லோக்கல்/பின்' கோப்புறைக்கு நகர்த்தினால் ஹோமின் சீட்டும் கூடவே போகும்; சேவை அதை இயக்க முடியாது. நகலெடுத்திருந்தால் புது இடத்தின் சீட்டு கிடைத்திருக்கும். 'ரிஸ்டோர்-கான்' கட்டளை சரியான சீட்டை ஒட்டிவிடும். செ-லினக்ஸையே அணைத்துவிடு என்பது இந்த உலகின் 777.

உபுண்டு 24.04 வந்த பிறகு ஆப்-இமேஜ் வடிவில் கிடைக்கும் பல நிரல்கள் திறக்க மறுத்ததும் இத்தகையதே. பயனர் தாமாகத் தனி வேலி அமைத்துக்கொள்ளும் வசதியை, செ-லினக்ஸைப் போல உபுண்டுவில் இருக்கும் ஆப்-ஆர்மர் அதில் கட்டுப்படுத்தியது. குரோமியத்தை அடியில் கொண்ட நிரல்களுக்கு அந்த வேலி தேவை. வேலியே வேண்டாம் என்ற விருப்பத்தோடு திறக்கச் சொல்கிறார்கள். இணையத்தோடு பேசும் நிரலுக்கு அதைச் செய்வது தவறு. அதே நிரலின் டெப் தொகுப்பு இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் அந்த நிரலுக்கு மட்டும் ஆப்-ஆர்மர் விதி ஒன்று எழுதுங்கள்.

டாக்கர் நிறுவியதும் வரும் சாக்கெட் மறுப்புக்கு 'டாக்கர் குழுவில் சேர்' என்பதே எங்கும் சொல்லும் பதில். குழுவில் சேர்ந்து மறுபடி உள்நுழைந்தால் ஓடும். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் கன்டெய்னர் வழியாகக் கணினியின் எந்தக் கோப்பையும் மாற்ற முடியும், ரூட்டுக்குச் சமம். பகிர்ந்துகொள்ளும் கணினியில் ரூட் தேவைப்படாத வகை டாக்கரோ பாட்மேனோ பொருத்தமானவை.

ஃபிளாட்பாக், ஸ்நாப் வகைத் தொகுப்புகள் நிறுவலின் தொல்லையைக் குறைத்து, அதை இயக்கும் நேரத்துக்கு நகர்த்தியிருக்கின்றன. ஸ்நாப் நிரலால் பென்டிரைவைத் திறக்க முடியவில்லையென்றால் அதன் இணைப்பைக் கையால் கொடுக்க வேண்டியிருக்கலாம். ஃபெடோரா சில்வர்ப்ளூ, 2022இல் வந்த ஸ்டீம் டெக் போன்றவற்றில் 'யூஎஸ்ஆர்' பூட்டியே இருக்கும். ஸ்டீம் டெக்கில் பூட்டைத் திறந்து நிறுவுபவை அடுத்த புதுப்பிப்பில் காணாமல் போகும். ஹோமில் நிறுவு என்பது அங்கே ஆலோசனை இல்லை, அமைப்பின் விதி.

இங்கே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஹோமில் நிறுவினால் ஆபத்தே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2011இல் பம்பிள்பீ என்ற கிராஃபிக்ஸ் கருவியின் நிறுவல் ஸ்கிரிப்டில் தவறி விழுந்த ஓர் இடைவெளி, ரூட்டாக ஓட்டியவர்களின் 'யூஎஸ்ஆர்' கோப்புறை முழுவதையும் அழித்தது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீமின் ஸ்கிரிப்டில் ஒரு மாறி வெறுமையாகிப்போக, அது சூடோ இல்லாமலேயே பயனருடைய கோப்புகளை அழித்தது. முதல் விபத்தில் போனதை ஒரு மணி நேரத்தில் மறுபடி நிறுவலாம். இரண்டாவதில் போனவை ஒருவருடைய புகைப்படங்களும் எழுத்துகளும். ரூட்டைத் தவிர்ப்பது கணினியையும், அதைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவர்களையும் காக்கும். உங்கள் கோப்புகளைக் காப்பது தனி வட்டில் இருக்கும் நகல் மட்டுமே.

சூடோ உரிமையே இல்லாத கல்லூரி ஆய்வகக் கணினிகளில் வேலை செய்யும் மாணவர்கள் தங்களால் எதையும் நிறுவ முடியாது என்று எண்ணிக்கொள்கிறார்கள். மெய்நிகர் சூழல், கோன்டா, ரஸ்டின் நிறுவி, ஹோமில் கட்டும் மூல நிரல், பயனருக்கு மட்டும் நிறுவும் ஃபிளாட்பாக் என்று அவர்களுக்குத் திறந்திருக்கும் வழிகள் பல. இவற்றில் எதற்கும் யாருடைய கடவுச்சொல்லும் தேவையில்லை.

ஆய்வகப் பொறுப்பாளர்களிடமும் தமிழில் வழிகாட்டி எழுதுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் செய்முறைக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். பிப், என்பிஎம் கட்டளைகளுக்கு முன்னால் சூடோ இருந்தால் அதை நீக்கிவிட்டு, மெய்நிகர் சூழல் உருவாக்கும் வரியை அதற்கு மேலே சேருங்கள். 777 என்று இருக்கும் இடத்தில் எந்தக் கோப்புறை, யாருடைய பெயருக்கு மாற வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் செய்துவிடுங்கள்.